பூபதிக்குப் போட்ட மாலைகள்

நவம்பர் 16, சனி

கார்த்திகை முதல் நாள். என் வீட்டுக்காரருக்கு ஐயப்பன் மாலை போட்டாகிவிட்டது. அவராகப் போட்டுக்கொள்ளவில்லை, அத்தை போட வைத்தார். இந்த வித்தியாசம் இந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

பேச வாய் திறந்தால் சண்டையாகிறது. அதனால்தான் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு வரும் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியில் எழுதுகிறேன்.

போன மார்ச்சில் வத்தலக்குண்டு ரோட்டில் பைக்குக்குக் குறுக்கே நாய் வந்தது. வண்டியில் புரோட்டா பார்சல் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பூபதி, தலையில் போடவேண்டியதைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போனார். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தார். நடக்கிறார், வலது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. எல்லாரையும் அடையாளம் தெரிகிறது. ஆனால் மனதில் வருவதை உள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அது அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால், இலையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "இந்திராணி, இவங்கள்லாம் எப்பக் கிளம்புவாங்க? நாம ரூமுக்குப் போகணும்ல?"

பெரிய மாமாவுக்குப் புரையேறியது. அத்தை அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மாலை போட்டால் விரதம், விரதம் என்றால் தனிப் படுக்கை. சூடு தலைக்கு ஏறினால் மறுபடி ஃபிட்ஸ் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு சொல்லி வைத்திருக்கிறாள். அந்த அம்மாள் எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தாளோ.

குருசாமி நல்லவர். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரம்மாவுக்குச் சம்மதந்தானே? நீங்க சரின்னு சொல்லாம நான் போடமாட்டேன்."

தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னால் வேறு என்ன செய்வது?

நவம்பர் 17, ஞாயிறு

இனி அவரை எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடவேண்டுமாம். நான் இன்று எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காலை ஐந்து மணிக்குக் கறுப்பு வேட்டி துவைத்துக் காயப்போட்டேன். இட்லி, புதினாத் துவையல். கேஸ் தீர்ந்துவிட்டது. அவருக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். விரதத்தில் வெந்நீர் கூடாதாம், தண்ணீர் சில்லென்றிருந்தால் அவர் முறைப்பது என்னைத்தான். முதுகு தேய்த்து, கால் விரல் இடுக்கெல்லாம் துடைத்து, பனியன் மாட்டிவிட்டேன். மாலை போட்டவரைப் பெண்டாட்டி தொடலாமா என்று நான் கேட்டதற்கு அத்தை சொன்ன பதில்: "குளிப்பாட்டுறது சேவைம்மா. அது குத்தமில்ல."

சேவை. இந்தக் கையால் தொட்டால் சேவை, அதே கையால் வேறு மாதிரித் தொட்டால் ஃபிட்ஸ். நல்ல கணக்கு.

அவர் அறையில் இப்போது அத்தை படுக்கிறார். நான் ஹாலில். மகள் அபிராமி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" நன்றாக இருக்கிறார் என்றேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை. பரவாயில்லை. பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 5, வியாழன்

மதுரைக்கு நரம்பு டாக்டரிடம் போனோம். கூட்டம். வரிசையில் உட்கார்ந்தபோது சாமி பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு மண்டையில அடியா, இல்ல பிறவியிலயே இப்படியா?" என்று விசாரித்தார். மன்னிப்புக் கேட்டே எனக்குப் பாதி உயிர் போனது.

உள்ளே போனதும் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், ஃபிட்ஸ் இல்லையே என்றார், மாத்திரையைத் தொடரச் சொன்னார். சாமியை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைக் கேட்டேன். "டாக்டர், நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கலாமா? அதனால அவருக்கு எதும் ஆகுமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "உங்களுக்கு என்னம்மா வயசு?"

"நாப்பத்திரண்டு."

"காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கு. உயிர் பொழைச்சதே பெருசு. இனிமே மனசை வேற பக்கம் திருப்புங்க. கோயில் குளம்னு போயிட்டு வாங்க."

கூட நின்ற நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. நான் கேட்டது மருத்துவம். அவர் சொன்னது உபதேசம். அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்றும் ஆறவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

கடையில் ஒரு பையன் அரைமணி நேரம் இருமல் மருந்து பார்த்துக்கொண்டே நின்றான். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். நானாகவே கேட்டேன். "காண்டம்தானே தம்பி? எது வேணும்?" காது வரை சிவந்துபோனான். கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்காமல் ஓடினான்.

ஊரில் எல்லாருக்கும் இது வேண்டியிருக்கிறது. வாயால் கேட்க மட்டும் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. கேட்ட எனக்குக் கோயில் குளம்.

மதியம் ஆள் இல்லாத நேரத்தில் அவருடைய ஃபிட்ஸ் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். பொடி எழுத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். தூக்கம், எரிச்சல், ஆசை குறைதல். அவருக்கு ஒன்றும் குறையவில்லை. யாருக்குக் குறைந்ததோ.

ஜனவரி 6, திங்கள்

மலைக்குப் போய்விட்டு வந்துவிட்டார்கள். கொழுந்தன் திலீபன் கூடவே இருந்து, டோலியில் ஏற்றிக் கூட்டிப்போய் வந்தான். மாலையைக் கழற்றியாகிவிட்டது. வேட்டி சட்டையோடு உட்கார்ந்து காபி கேட்டார். பழைய மாதிரியே இருந்தார். என்னைப் பார்த்து, "இனி சாமி இல்ல. பூபதி" என்று சிரித்தார்.

அரிசி களைந்து உலையில் போட்டேன். அடுப்படியில் காலண்டர் தொங்குகிறது. தைப்பூசம் எப்போது என்று பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். பின்னால் நின்ற அத்தையிடம், "அத்தை, இந்த வருஷம் பூசம் பிப்ரவரியிலதான் வருது" என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். பழனிக்கும் ஒரு மாலை போட்டுவிடலாமாம்.

எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்கிற மனுஷி.

ஜனவரி 9, வியாழன்

இரண்டாவது மாலை. இப்போது பச்சை வேட்டி. குருசாமி மறுபடி சம்மதம் கேட்டார். மறுபடி தலையாட்டினேன். பூபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக எதையாவது உளறுகிறவர், இன்று ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "பாவம் நீ, இந்த வயசுல" என்று என் கையைப் பிடித்தாள். கையை உருவிக்கொண்டு, பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

வாரத்தில் இரண்டு நாள் அவரைப் பஸ்ஸில் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போகிறேன். பெனிட்டா என்ற பெண் சொல்லித் தருகிறாள். முப்பது வயதிருக்கும். சட்டைப் பித்தான் போடுவது, பல் தேய்ப்பது, கடையில் சாமான் வாங்குவது. இன்று காபி போடச் சொல்லிக்கொடுத்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பாதியில் ஜன்னலில் வந்த பூனையைப் பார்க்கப் போய்விட்டார். பெனிட்டா கோபப்படாமல், "சார், பால்" என்றாள். திரும்பி வந்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவர் போய் வெளியே உட்கார்ந்ததும் அவளிடம் பாய்ந்தேன். "காபி சொல்லித் தர்றீங்க, பித்தான் சொல்லித் தர்றீங்க. படுக்கையில எப்படி இருக்கணும்னு மட்டும் யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க. நாங்க என்ன, வெறும் காபி குடிக்கவா கல்யாணம் பண்ணுனோம்?"

பெனிட்டா முகம் சிவந்தது. ஆனாலும் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கே இதைப் பேசக் கூச்சமாத்தான்க்கா இருக்கு. தெரிஞ்சதைச் சொல்றேன். ஃபிட்ஸ் கட்டுக்குள்ள இருக்கு, டாக்டரும் நடை, வேலை எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டாரு. அப்புறம் இதுக்கு மட்டும் எதுக்குப் பயம்? மாத்திரை பத்தி நானே அவர்கிட்ட எழுதிக் கேக்குறேன். தலையில அடிபட்டவங்களுக்கு சாயங்காலம் ஆனா மூளை களைச்சுரும். களைப்பு இல்லாத பகல் நேரம் பாருங்க. போன், டிவி, ஆள் சத்தம் இருந்தா கவனம் சிதறும். சிதறினா திட்டாம, அழாம, என்ன வேணும்னு வாயால சொல்லுங்க. பால் சொன்னேன்ல, அந்த மாதிரி."

பிறகு, "குளிப்பாட்டுறது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அதை வேற யார்ட்டயாவது குடுங்கக்கா. காலையில பிள்ளை மாதிரி குளிப்பாட்டிட்டு, அப்புறம் அவரையே புருஷனாப் பாருன்னா எந்த மனசு பார்க்கும்?"

இதை யாரும் இதுவரை சொல்லவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் இன்னொன்றும் கேட்டாள். "இப்ப இருக்குற இவரை உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கா?"

நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன கேள்வி இது? இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா?

பிப்ரவரி 1, சனி

இனி நான் குளிப்பாட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் பூகம்பம். "கட்டுனவளுக்கே அருவருப்பா?" என்று அத்தை. அருவருப்பு இல்லை, உங்கள் இன்னொரு பிள்ளைக்கும் இரண்டு கை இருக்கிறது என்றேன். திலீபன் வாளியை எடுத்தான். உள்ளே அண்ணனும் தம்பியும் சினிமாக் கதை பேசிக்கொண்டே குளித்தார்கள். முன்பெல்லாம் சோப்புப் போட இருபது முறை சொல்லவேண்டியிருந்தது.

எனக்குக் காலையில் அரைமணி நேரம் மிச்சம். சும்மா உட்கார்ந்து காபி குடித்தேன். கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

பிப்ரவரி 12, புதன்

பூசம் முடிந்தது. பழனியில் நல்ல கூட்டமாம். ரோப்காரில் ஏறி, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாராம். மாலை கழற்றியாகிவிட்டது. பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார்கள்.

எனக்குத் தலைவலி என்று சொல்லி ஹாலிலேயே படுத்துக்கொண்டேன். தலைவலி நிஜம்தான்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு மாலை என்று அத்தை சொன்னார். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. காலண்டரையும் பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கோயிலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். குருசாமி மாலையை எடுத்தார். என் பக்கம் திரும்புவதற்குள் பூபதி கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்கு வேணாம் சாமி. இது எனக்குப் போடுற மாலை இல்ல. இவளுக்கு. நான் பக்கத்துல போனா இவளுக்குப் பயம். என் கழுத்துல மாலை இருந்தா நான் போகமாட்டேன்ல, அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சரி சரின்னு தலையாட்டுறா."

சாதாரணமாகச் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல.

குருசாமி மாலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அத்தை என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கடைக்கு லீவு. ரசம் கூட வைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

சரி, எழுதிவிடுகிறேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் திலீபனும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். நான்தான் கதவைச் சாத்தினேன். தலைக்குக் குளித்திருந்தேன். வெட்கமாக இருந்தது, புதுப்பெண்ணாட்டம். அவருக்கும் ஆசை இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

பாதியில் அவர் கண் மேலே போனது. "ஃபேன்ல எவ்வளவு தூசி பாரு" என்றார். எழுந்தார். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். துணியை எடுத்துக்கொண்டு ஏறி ஃபேனைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். உடம்பில் துணியில்லாமல், மும்முரமாக.

நான் அப்படியே கிடந்தேன். தூசி என்மேல் விழுந்தது. பிறகு அவர் விழுந்துவிடுவாரே என்று சேலையைச் சுற்றிக்கொண்டு எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பெண்டாட்டியாகப் படுத்தவள் ஒரே நிமிஷத்தில் ஸ்டூல் பிடிக்கிற ஆளாகிவிட்டேன். மூன்று றெக்கையையும் துடைத்து முடிக்கிறவரை பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர்மேல் கோபப்பட முடியுமா? அடிபட்ட மனுஷன். சத்தம் போடக்கூடாது, மனசு நோகக்கூடாது, டென்ஷன் ஆகக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அதைத்தான் எல்லாரும் ஓதுகிறார்கள். ஆகவே அத்தைமேல் கோபப்பட்டேன். டாக்டர்மேல், பக்கத்து வீட்டுக்காரிமேல், பெனிட்டாமேல். மாலைமேலும்.

மார்ச் 9, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பூபதி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"சரி" என்றார். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் 'சரி'தான். எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம், கதவை அறைந்து சாத்தினேன். "என்ன சரி? என்னய்யா சரி? ஊர் முன்னால என் மானத்த வாங்கிட்டு சரியா? ஹெல்மெட்ட ஏன்யா போடல? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேல்ல? புரோட்டா ஆறிப்போகும்னு பறந்தியே, எங்க பொழப்பு ஆறிப்போச்சே, அது தெரியுதா உனக்கு? பாதியில எந்திரிச்சு ஃபேன் தொடச்ச ஆளு நீ. நான் அங்கதான கெடந்தேன்? என்னைவிட அந்த ஃபேனுதான் பெருசாப் போச்சா?"

இத்தனை வருஷத்தில் அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை.

அவர் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. ஃபிட்ஸ்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் கத்தினார்.

"நான் என்ன வேணும்னா பண்ணுனேன்? என் தலை அப்படி ஆகிப்போச்சு. ஃபேனைப் பார்த்தா ஃபேன்தான் தெரியுது. 'இங்க பாரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? ஊமையா அழுதே. அப்பவும் தீபாவளிக்குக் கூப்பிட்டேன், மாலையப் போட்டுட்டீங்க. என்னைத் தொட்டா அழுகுறா, தொட வேணாம்னுட்டு அப்புறம் நானும் பேசாம இருந்தேன். நீ என்னைத் திட்டுறதே இல்ல. எவனும் திட்ட மாட்டேங்கிறான். சாமி சாமிங்கிறான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்துப்போயிருவேன்னு பயந்து பயந்துதான்யா நான் பாதி செத்தேன்."

"அதைச் சொல்லு. அதைச் சொல்லாம மாலையக் கொண்டாந்து மாட்டுறே."

"மாட்டுவேன். பயமா இருந்துச்சு, மாட்டுனேன். இப்ப அதுக்கு என்னங்கிறே?"

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அத்தையின் குரல் நடுங்கியது. "ஏய் இந்திராணி, சத்தம் போடாதம்மா. அவனுக்கு ஃபிட்ஸ் வந்துரும். கதவத் தொற."

நான் தாழ்ப்பாளுக்குக் கை கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நாங்க புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். நீ போ."

 அத்தையின் காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் போனது.

அவர் என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது. கையை விடவில்லை. "எதுல விட்டோம்? ஹெல்மெட்டா, ஃபேனா?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு சிரித்தால் மரியாதை என்ன ஆவது? "ரெண்டும்தான்" என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆபரேஷன் நடந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் என்ன நினைத்தேன் என்பதுவரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பாதியில் இரண்டு முறை ஜன்னலைப் பார்த்தார். "இங்க பாரு" என்றேன். பார்த்தார்.

பெனிட்டா கேட்டதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. அடிபடுவதற்கு முன்னால் இருந்த பூபதியைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்று என்னோடு சண்டை போட்டவர் யாரோ இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பெனிட்டா போன் செய்தாள். எங்கள் விஷயமாக டாக்டர் பதில் எழுதியிருக்கிறாராம்: தடை இல்லை. இரண்டே வார்த்தை. இதை எழுத அவருக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஆகியிருக்கிறது. அடுத்த முறை போகும்போது அவர் முகத்துக்கு நேரே கேட்பேன், விடுவதாக இல்லை.

இன்று மதியம் எங்கள் அறையில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று எழுதப்போவதில்லை. போன தீபாவளியிலிருந்து எங்கள் படுக்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளில்லை. மாமா, பக்கத்து வீடு, டாக்டர், கோயில் கூட்டம். இனி இது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். இந்த டைரிக்கும் வேண்டாம்.

இதை மட்டும் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு, நான் அறைக்குப் போனேன். அத்தை ஹாலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார், சொன்னால் இன்றைக்கு விடக்கூடாது என்று கதவைப் பிடித்தபடி நின்றேன்.

அத்தை ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, டிவியை அணைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வெளிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.